கல்லாலங்குளம் விலக்கில் நின்றுபோன விசில்

ஆனி மாதத்துக் காற்று மலைக் கணவாய் வழியாக இறங்கிவந்து பனைமரங்களையெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்த்து வைத்திருந்த ஒரு வெள்ளிக்கிழமை, மதியம் பன்னிரண்டே முக்கால் மணிக்கு, கண்டக்டர் சங்கரபாண்டியன் கல்லாலங்குளம் விலக்கில் ஒற்றை விசில் ஊதினார். அந்த விசில் அதற்குப் பிறகு எட்டு மாதம் ஓயவில்லை.

ஒற்றை விசில் என்றால் பஸ் நிற்க வேண்டும்; இரட்டை விசில் என்றால் போகலாம். இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் சங்கரபாண்டியன் அந்த விலக்கில் ஊதியதெல்லாம் இரட்டை விசில்தான். பெரிய ரோட்டிலிருந்து கல்லாலங்குளத்துக்கு மண்பாதை பிரிகிற இடம் அது. ஒரு மைல்கல், முள் நிறைந்த ஒரு உடைமரம், அவ்வளவுதான். பஸ் நிற்கும் இடங்களின் பட்டியலில் அதன் பெயர் கிடையாது. ஊர்க்காரர்கள் மனு எழுதிப் பார்த்தார்கள், மந்திரி காரை மறித்துப் பார்த்தார்கள், கடைசியில் மூன்று கிலோமீட்டர் வெயிலில் நடந்து அடுத்த ஸ்டாப்பில் ஏறப் பழகிக்கொண்டார்கள். ஆனாலும் அங்கே யாராவது ஒருவர் கைகாட்டிக்கொண்டு நிற்பது மட்டும் நின்றபாடில்லை. சங்கரபாண்டியன் படியில் தொங்கியபடி "நிக்காது, நிக்காது" என்று கையை வீசிவிட்டு இரட்டை விசில் கொடுப்பார். அவர் கெட்டவரில்லை. சட்டம் எதுவோ அதன்படி நடக்கிறவர். கைகாட்டிய முகங்களை பஸ்ஸின் வேகம் அழித்துவிடும். ஒரு முகம்கூட அவர் வீடு வரைக்கும் வந்ததில்லை.

அந்த வெள்ளிக்கிழமை நின்ற பெண் கைகாட்டவில்லை. காட்டுவதற்கு அவளிடம் கை மிச்சமில்லை. இரண்டு கையிலும் மூன்று வயதுப் பிள்ளை ஜன்னி கண்டு வில் மாதிரி விறைத்துக் கிடந்தது. அவள் நடுரோட்டில் நின்றாள். டிரைவர் ஞானமுத்து ஆரன் அடித்துக்கொண்டே ஓரமாக ஒதுக்கிப் போகப் பார்த்தான். அவள் வாய் அசைந்தது. காற்று அந்தச் சொல்லை அப்படியே அள்ளிக்கொண்டு போய்விட்டது. சங்கரபாண்டியனுக்கு யோசிக்க நேரமில்லை. அடிவயிற்றிலிருந்து ஒரு மூச்சு தானாகக் கிளம்பி வந்து விசிலுக்குள் புகுந்தது.

பஸ் நின்றது. பெண் ஏறினாள். பெரியாஸ்பத்திரி வாசலிலேயே பஸ்ஸை நிறுத்தி இறக்கிவிட்டார்கள், பிள்ளை பிழைத்துக்கொண்டது. அதெல்லாம் சரியாக நடந்தது. நடந்ததில் ஒன்றே ஒன்றுதான் வேறு மாதிரி. சங்கரபாண்டியன் விசிலை வாயிலிருந்து எடுத்து, சட்டையில் துடைத்து, பைக்குள் போட்ட பிறகும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பஸ் கிளம்பியபோது அது கூட வரவில்லை. இறங்க வேண்டிய இடத்தில் இறங்கிக்கொண்ட பிரயாணியைப் போல மைல்கல்லுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டது.

மறுநாள் காலையிலும் அங்கேயே நின்றது.

தரையிலிருந்து நெஞ்சுயரத்தில், உடைமரத்துக்கும் மைல்கல்லுக்கும் நடுவே, ஏறாமல் இறங்காமல் ஒரே சீராக ஒற்றை விசில். கையை அதன் குறுக்கே விட்டால் கை போய் வந்தது. சத்தத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. மேலே போர்வையைப் போட்டார்கள், போர்வைக்கு அடியில் கேட்டது. ஆனால் முதல் பஸ் வந்தபோதுதான் அது வெறும் சத்தமில்லை என்று ஊருக்குத் தெரிந்தது. பஸ் நின்றது. டிரைவர் நிறுத்த நினைக்கவில்லை. அவருடைய வலதுகால் நிறுத்தியது. ஒற்றை விசிலுக்கு பிரேக்கை மிதித்து மிதித்துப் பழகிய கால், முதலாளியைக் கேட்காமலே மிதித்துவிட்டது. அடுத்த பஸ்ஸும் நின்றது, அதற்கடுத்ததும் நின்றது. எக்ஸ்பிரஸ் நின்றது, கல்யாண கோஷ்டியோடு வந்த ஸ்பெஷல் பஸ் நின்றது. ரிட்டயரான டிரைவர் ஒருவர் பெண்டாட்டியைப் பின்னால் வைத்து ஸ்கூட்டரில் வந்து, விலக்கில் நின்று, எதற்கு நின்றோம் என்று தெரியாமல் கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்துவிட்டுப் போனார்.

ஊர் அதிசயப்பட்டு உட்கார்ந்திருக்கவில்லை. ஏறவேண்டிய வேலை இருந்தது. முதல் வாரத்திலேயே ஒருவர் வந்து உடைமரத்தடியில் டீக்கடை போட்டார், இரண்டாவது வாரத்தில் பூக்காரி வந்தாள், மூன்றாவது வாரத்தில் பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் பீடி சுற்றிக்கொண்டிருந்த ஒன்பது பெண்பிள்ளைகள் டவுன் காலேஜில் சேர்ந்தார்கள், கொத்தவேலைக்காரர்கள் விடிந்தபிறகு வீட்டை விட்டுக் கிளம்பினார்கள், பிள்ளைத்தாய்ச்சிகள் மாதாமாதம் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தார்கள், கல்லாலங்குளத்தில் பெண் எடுக்க யோசித்தவர்கள் எல்லாம் இப்போது பஸ்ஸைவிட்டு இறங்கித் தட்டோடு வந்தார்கள். நாய்கள் ஏழுநாள் குரைத்தன, எட்டாம்நாள் அந்தச் சத்தத்தின் அடியிலேயே சுருண்டு படுத்துத் தூங்கின. விலக்குக்குப் பக்கத்து வீடுகளில் மட்டும் குக்கர் விசிலை எண்ண முடியாமல் பத்து நாள் சோறு குழைந்தது. அப்புறம் பெண்கள் காதால் எண்ணுவதை விட்டுவிட்டு ஆவியைப் பார்த்து எண்ணினார்கள். கோயில் கொடை விழாவுக்கு வந்த நாயனக்காரர், சுருதிப்பெட்டியை மூடி வைத்துவிட்டு, "இதை வச்சே வாசிச்சிருதேன்" என்றார். அந்த ஆண்டு பிறந்த குழந்தைகள் அந்தச் சத்தம் கேட்காத இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனால் அழுதன.

பக்கத்து ஊர்க்காரர்களுக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் மாலையும் கையுமாக வந்து சங்கரபாண்டியனை அழைத்துக்கொண்டுபோய்த் தங்கள் விலக்கில் நிறுத்தி, "எங்களுக்கும் ஒண்ணு ஊதிக் குடுங்க அண்ணாச்சி" என்றார்கள்.

அவர் விசிலை வாயில் வைத்து ஊதினார். சத்தம் வரவில்லை. வேறொரு விசில் கொடுத்தார்கள். அதிலும் வெறும் காற்றுதான் வந்தது, அதுவும் எரிகிற திரியை அணைக்கக்கூடப் பத்தாத காற்று.

உண்மையில் அந்த வெள்ளிக்கிழமையிலிருந்தே அவருக்கு எந்த விசிலும் பேசவில்லை. பஸ் தகரத்தைத் தட்டிக் காட்டியும் "ரைட் போலாம்" என்று கத்தியும் ஒப்பேற்றிக்கொண்டிருந்தார். பிறகு கத்தவும் முடியவில்லை. ஆவணியில் பஸ் படி ஏறினால் மூச்சு வாங்கியது. ஐப்பசியில் ஒரு பேச்சை முடிக்க இரண்டு தடவை நிறுத்த வேண்டியிருந்தது. அனுமதி இல்லாத இடத்தில் பஸ்ஸை நிறுத்தியதற்கு டிப்போவில் மெமோ கொடுத்தார்கள். அதற்குப் பதில் எழுதி முடிப்பதற்குள் வேர்த்துக் கொட்டியது. டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். நுரையீரலில் ஒரு புள்ளி இல்லை. "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா நீங்க இழுக்கிற மூச்சுல பாதி எங்கேயோ போகுது" என்றார். மார்கழியில் மெடிக்கல் லீவு போட்டுவிட்டு சங்கரபாண்டியன் வீட்டு ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்தார். மனைவி கோமதி அவர் முதுகுக்கு இரண்டு தலையணை வைத்தாள்.

தை மாதத்தில் அதிகாரிகள் மூன்று பேர் ஜீப்பில் வந்து விலக்கில் இறங்கினார்கள். எல்லா பஸ்ஸும் தாமதமாகிறது, சத்தத்தை அப்புறப்படுத்த வேண்டும், அதற்கு என்ன வழி என்று கேட்டார்கள். ஊரில் பள்ளிக்கூடத்து ரெஜினா டீச்சரைத்தான் கூப்பிட்டார்கள். அவர் ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புவரை அறிவியல் எடுக்கிறவர். வரும்போதே மேஜை டிராயரில் கிடந்த விளையாட்டு விசிலையும் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். ஊரே வேடிக்கை பார்க்கக் கூடியது. விசிலின் சத்தத்துக்குக் கீழே பேசக் கல்லாலங்குளத்துக்காரர்கள் எல்லோரும் பழகியிருந்தார்கள். டீச்சரும் அப்படித்தான் பேசினார்.

"இதுல சத்தம்னு ஒண்ணும் உள்ள அடைச்சு வைக்கலை சார். இந்த வாய் எவ்வளவு ஒடுக்கமா இருக்கு பாருங்க. ஊதுற மூச்சு இதுவழியா பட்டையா, வேகமா போகுது. போய் இந்தா, இந்தச் சரிஞ்ச ஓரத்துல முட்டுது. கத்தி மாதிரி ஓரம். முட்டின மூச்சுக்கு மேல போறதா, உள்ள போறதான்னு தெரியாது. கொஞ்சம் உள்ள போகும், உள்ள காத்து நெரிஞ்சதும் வெளிய தள்ளும், வெளிய போனதும் மறுபடி உள்ள இழுக்கும். இப்படி ஒரு செகண்டுக்கு ரெண்டாயிரம் தடவை, மூவாயிரம் தடவை. அந்த அல்லாட்டம்தான் நமக்கு விசிலாக் கேக்குது. உள்ள கிடக்க தக்கைக் குண்டு உருள்றதால சத்தம் விட்டு விட்டு அதிருது. ஆக, ஒடுக்கமான மூச்சு வேணும், அதைக் கிழிக்க ஓரம் வேணும், அதிர்றதுக்கு ஒரு வெத்திடம் வேணும். மூணுல எது இல்லாட்டியும் சத்தம் இல்லை."

"இங்க ஓரமும் இல்லை, வெத்திடமும் இல்லையேம்மா" என்றார் அதிகாரி.

டீச்சர் நீண்டு கிடந்த மண்பாதையையும் அதைக் கத்தி மாதிரி வெட்டிக்கொண்டு போகிற பெரிய ரோட்டையும் பார்த்தார். "அது ரெண்டும் இங்க ரொம்ப நாளா இருக்கு சார்" என்றார். "நான் யோசிக்கிறது மூச்சைப் பத்தி. ஊதுறதை நிறுத்தினா அந்த நிமிஷமே விசில் நின்னுரும். இது ஏழு மாசமா நிக்கலை. அப்படின்னா ஏழு மாசமா யாரோ விடாம ஊதிட்டே இருக்காங்க."

கூட்டத்தில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற மாடத்திக்கு அந்த வார்த்தை நெஞ்சில் போய் முட்டியது. வெள்ளிக்கிழமை நடுரோட்டில் நின்றவள் அவள்தான்.

மறுநாள் காலை அவள் அதே விலக்கில் பஸ் ஏறி, டவுனில் விசாரித்து விசாரித்து சங்கரபாண்டியன் வீட்டைக் கண்டுபிடித்தாள். பிள்ளை தர்ஷினி நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்று அவரை உற்றுப் பார்த்தது. அவர் இழுத்த மூச்சு பாதியில் நின்று, எதையோ தேடி, கிடைக்காமல் திரும்பியது.

"அந்தப் பிள்ளையா?" என்றார். அதைக் கேட்பதற்கே அவருக்கு நேரம் பிடித்தது.

"அதே பிள்ளதான் அண்ணாச்சி." மாடத்தி தரையில் உட்கார்ந்தாள். "உங்க மூச்சுதான் அங்கன நிக்குன்னு டீச்சர் சொல்லுதாவ. பேர் சொல்லல. ஆனா எனக்குத் தெரிஞ்சு போச்சு. நீங்க வந்து அதை எடுத்துக்கிடணும்."

சங்கரபாண்டியன் சிரித்தார். அவருக்கும் தெரிந்துதான் இருந்தது. ஐப்பசி மாதமே தெரியும். "எடுத்தா... பஸ் நிக்காதே, தாயி."

"நிக்காட்டி நடக்கோம். இத்தனை வருசம் நடக்கலியா?"

"இத்தனை வருசமும்" என்றார் அவர். ஜன்னல் கம்பியைப் பிடித்து மூச்சைச் சேர்த்துக்கொண்டார். "ரெட்டை விசிலு... ஒரு நாளைக்கு நாலு தடவை. இருபத்திரண்டு வருசம். ஒரு மூஞ்சியும் ஞாபகத்துல இல்ல. இப்பம் இங்க உக்காந்து ஒவ்வொண்ணா ஞாபகப்படுத்திப் பாக்கேன். ஒண்ணும் வரமாட்டேங்கு. ஒத்தை விசிலாவது... நிக்கட்டும்."

அடுப்படியிலிருந்து கோமதி வெளியே வந்தாள். கையில் இருந்த டம்ளரை டக்கென்று வைத்தாள். "நல்லா நிக்கட்டும். ஊருக்கெல்லாம் பஸ் நிக்கட்டும், எனக்கு நீங்க நிக்க வேண்டாமா? ஏ பிள்ளே, உங்க ஊர்ல போய்ச் சொல்லு. இந்த மனுசன் கேக்க மாட்டாரு. நீங்களாவது கேளுங்க."

மாடத்தி போய்ச் சொன்னாள். பஞ்சாயத்து ஆபீஸ் முன்னால் கூட்டம் போட்டார்கள். ஆறுநூறு வீட்டு ஊர். காலேஜ் போகிற பெண்பிள்ளைகளைப் பெற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். மாசமாக இருந்த ஒருத்தி வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டாள். ஒரு ஆள்தானே, நாம் ஆறுநூறு வீடு என்கிற நினைப்பு ஒவ்வொருவர் மனதிலும் வந்து ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டுத்தான் போனது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. முடிவு எதுவும் இல்லாமலே கூட்டம் கலைந்தது.

ஆனால் மறுநாள் காலை ஏழேகால் பஸ் விலக்கில் வந்து நின்றபோது ஏறுவதற்கு ஆள் இல்லை. பஸ் காத்திருந்தது, போய்விட்டது. எட்டு மணி பஸ்ஸிலும் ஆள் ஏறவில்லை. காலேஜ் பெண்பிள்ளைகள் ஒன்பது பேரும் செருப்பைத் தேய்த்துக்கொண்டு மூன்று கிலோமீட்டர் நடந்து போவதை டீக்கடைக்காரர் பார்த்தார். கொத்தவேலைக்காரர்கள் நடந்தார்கள், பூக்காரி கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். ஒருவர் மூச்சில் கால் வைத்து ஏற ஒருவருக்கும் மனம் வரவில்லை. இப்படி மூன்று நாள். பஸ்கள் வந்து வந்து சும்மா நின்று போயின. நான்காம் நாள் ஊரிலிருந்து பதினோரு பேர் ஆட்டோ பிடித்து சங்கரபாண்டியன் வீட்டு வாசலில் போய் நின்றார்கள்.

"நாங்க யாரும் ஏறல அண்ணாச்சி. இனிமே ஏறவும் மாட்டோம்" என்றாள் மாடத்தி. "இனிமே அது யாருக்காவ நிக்கணும்?"

அவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தார்.

மாசி மாதத்து வெயிலில் அவரை மைல்கல்லுக்குப் பக்கத்தில் இறக்கினார்கள். கோமதி ஒரு பக்கம் தாங்கிக்கொண்டாள், ஞானமுத்து லீவு போட்டுவிட்டு வந்து மறுபக்கம் தாங்கிக்கொண்டான். சங்கரபாண்டியன் தன்னுடைய விசிலை நெஞ்சுயரத்தில் நேருக்கு நேர் பார்த்தார். எட்டு மாதத்துக்கு முன்னால் அவசரத்தில் ஊதியது. இப்போது கேட்க அது அவசரமாக இல்லை, கெஞ்சலாகவும் இல்லை, யாரோ ஒருவர் மிகவும் பொறுமையாகக் கையை நீட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது. அவர் குனிந்தார். வாயை ஒடுக்கி, ஓடைத் தண்ணீரைக் கை படாமல் குடிக்கிறவர்போல இழுத்தார். விசில் முதலில் கொஞ்சம் கீழே இறங்கியது, மெலிந்தது, நூலாகியது, உதட்டுக்குள் போனது. அவர் நெஞ்சு ஏறியது, ஏறிக்கொண்டே இருந்தது, சட்டையின் மேல் பித்தான் தெறித்து விழுந்தது. பிறகு அவர் மூச்சை விட்டார், நீளமாக, முழுசாக. கோமதி அந்த மூச்சு தன் முகத்தில் படுவதற்கு முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

கல்லாலங்குளம் எட்டு மாதத்துக்குப் பிறகு பனையோலை உரசுவதைக் கேட்டது. எல்லோரும் தங்கள் குரல் இவ்வளவு பெரியதா என்று பயந்து பேச்சை நிறுத்தினார்கள். கைக்குழந்தைகள் மட்டும் அழுதன.

அப்போது பதினொன்றரை மணி பஸ் வந்தது. பழக்கத்தில் நிற்கும் என்று சிலர் நினைத்தார்கள். அது நிற்கவில்லை. படியில் நின்ற புதுக் கண்டக்டர் கையை வீசி "நிக்காது" என்று சொல்லி இரட்டை விசில் கொடுத்தார். புழுதி எழுந்து சங்கரபாண்டியனின் கண்ணிலும் வாயிலும் விழுந்தது. ரோட்டில் நின்று அந்த பஸ்ஸை அவர் அதற்குமுன் பார்த்ததே இல்லை. அது எவ்வளவு பெரிது, எவ்வளவு பக்கத்தில் போகிறது, உள்ளே இருக்கிறவர்கள் எவ்வளவு நிம்மதியாக வேறெங்கோ பார்க்கிறார்கள் என்பதை எல்லாம் பார்த்தார். அந்தக் கண்டக்டரின் கண் தன்மேல் பட்டதையும், பட்டவுடன் நழுவியதையும் பார்த்தார். புழுதி அடங்கும்வரை அங்கேயே நின்றார்.

"டீச்சர்" என்றாள் மாடத்தி மெதுவாக, "அந்த ஓரம்னு சொன்னீயளே, அது பல்லா இருந்தாலும் ஆகுமா?"

ரெஜினா டீச்சர் அவளைத் திரும்பிப் பார்த்தார். "ஆகும். பல்லும் உதடும் ஓரம். வாய்க்குள்ள இருக்கதுதான் வெத்திடம். நாக்கை மடக்கினா மூச்சு ஒடுங்கும். எல்லாம் நம்மகிட்டயே இருக்கு."

அந்த ஊரில் பொம்பளை விசில் அடிப்பதை யாரும் கேட்டதில்லை. சின்ன வயதில் முயற்சி செய்து பார்த்தவர்களுக்கு முதுகில் அடி விழுந்திருக்கிறது. ஆனால் அன்று மாடத்தி இரண்டு விரலை வாய்க்குள் விட்டபோது ஒருவரும் தடுக்கவில்லை. வெறும் காற்றும் எச்சிலும்தான் வந்தன. தர்ஷினி கைதட்டிச் சிரித்தது. டீச்சர் தானும் விரலை விட்டுப் பார்த்தார், அவருக்கும் வரவில்லை. ஊருக்குத் திரும்பிப் போகிற வழியெல்லாம் பெண்கள் உஸ் உஸ்ஸென்று ஊதிக்கொண்டே போனார்கள். பீடி சுற்றும்போது ஊதினார்கள், களை பறிக்கும்போது ஊதினார்கள், குழாயடியில் குடம் நிரம்பும்வரை ஊதினார்கள், வீடு வீடாக உதடு வெடித்து வெண்ணெய் தடவினார்கள். பதினேழாம் நாள் பூக்காரிக்குத்தான் முதலில் வந்தது. அவளுக்கு முன்பல் ஒன்று விலகி இருந்தது. அவள் காட்டிக் கொடுக்க, ஒருத்தி மாற்றி ஒருத்தி பிடித்துக்கொண்டார்கள்.

பங்குனியில் சங்கரபாண்டியன் டியூட்டிக்குத் திரும்பினார். முதல் நாள் ஞானமுத்துதான் வண்டி எடுத்தான். மதியம் பஸ் கணவாய்க் காற்றுக்குள் இறங்கியது. கல்லாலங்குளம் விலக்கு தூரத்தில் தெரிந்தது. சங்கரபாண்டியன் விசிலைக் கையில் எடுத்தார். அவர் உதட்டுக்குக் கொண்டுபோவதற்குள் ரோட்டோரத்திலிருந்து ஒற்றை விசில் கேட்டது. முப்பது நாற்பது பேர், ஒரே மூச்சு, ஒரே சீர். ஞானமுத்துவின் கால் பிரேக்கை மிதித்தது.

"அண்ணாச்சி, நீங்களா ஊதினீய?"

"நான் எங்கடே ஊதினேன்." அவர் கதவைத் திறந்தார்.

பெண்கள் வாயிலிருந்து விரலை எடுத்துச் சேலையில் துடைத்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நின்றுவிடும் என்று அவர்கள் முழுசாக நம்பியிருக்கவில்லை. மாடத்தி பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு முதல் ஆளாகப் படியேறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். சங்கரபாண்டியன் அவள் முகத்தை நின்று பார்த்தார். பிறகு பின்னால் ஏறியவர்கள் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார், அவசரப்படவில்லை. இருபத்திரண்டு வருஷமாக அந்த விலக்கில் கைகாட்டி நின்ற ஒருவரிடமும் கேட்டிராத கேள்வியை அவர் கேட்டார்.

"எங்க தாயி போணும்?"

மாடத்தி யோசித்தாள். யாருக்கும் காய்ச்சல் இல்லை. யாரும் சாகவில்லை.

"தங்கச்சி வீட்டுக்கு அண்ணாச்சி" என்றாள். உதடு மரத்துப்போய் வார்த்தை கொஞ்சம் குழறியது. "சும்மாதான்."